கேன்சர் வார்டில் சிஸ்டர் ஏன் நின்று பேசுவதில்லை? டெல்டாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஸ்டாஃப் நர்ஸ். காவிரி டெல்டாவில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் கேன்சர் வார்டில் ஒன்பது வருஷம் டூட்டி பார்த்தேன். அப்புறம் என் பெரியம்மாவுக்கு மார்பில் கட்டி வந்து, வேறொரு ஆஸ்பத்திரியில் ஆறு மாதம் அவருக்குத் துணையாக இருந்தேன். சீருடை போட்டு நின்றபோது கண்ணில் படாத பல விஷயம், கட்டிலுக்குப் பக்கத்தில் ஒயர் கூடையோடு உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. பாபநாசம், மன்னார்குடி, வேதாரண்யம் பக்கமிருந்து சொந்தக்காரர்களும் தெரிந்தவர்களும் போன் பண்ணிக் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்துப் போட்டிருக்கிறேன். உங்கள் நோய்க்கு என்ன வைத்தியம் என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். நான் எழுதுவது, சிஸ்டருக்கும் நோயாளிக்கும் நடுவே பேச்சு எங்கே அடைபடுகிறது, ஆஸ்பத்திரி நடக்கிற விதத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்பதைப் பற்றி மட்டும்.

சிஸ்டர் ஏன் ரெண்டு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை? எங்கள் மேல் கோபமா?

பெரும்பாலும் கோபம் இல்லை, நேரம் இல்லை. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 கட்டில் உள்ள வார்டில் காலை ஷிப்டில் இரண்டு பேர், ஆறு மணி நேரம். இரண்டு பேர் நேரத்தையும் கூட்டினால் 720 நிமிஷம், ஒரு நோயாளிக்கு 18 நிமிஷம். இந்தப் 18 நிமிஷத்துக்குள் காய்ச்சல், பிபி பார்க்க வேண்டும், நரம்பு தேட வேண்டும், வாந்திக்கு ஊசி போட வேண்டும், டிரிப்ஸ் மாற்ற வேண்டும், ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததா என்று லேபுக்கு ஆள் அனுப்ப வேண்டும், எல்லாவற்றையும் கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும். பேச்சுக்கு மிச்சம் என்ன இருக்கிறது? பொது வார்டில் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி என்றால் 3 நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்ற ஆஸ்பத்திரி என்றால் 5 நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பது இந்திய செவிலியர் மன்றத்தின் அளவுகோல். நான் வேலை பார்த்த வருஷங்களில் அந்தக் கணக்கில் ஆள் நின்ற ஒரு நாளைக்கூட நான் பார்க்கவில்லை. இரவில் ஒரே ஆளாக முழு வார்டையும் பார்த்த நாட்கள் ஏராளம்.

இன்னொன்றும் இருக்கிறது. தொகுப்பூதியத்தில் இருக்கும் பிள்ளைகளை இன்றைக்குக் கேன்சர் வார்டு, அடுத்த வாரம் பிரசவ வார்டு என்று மாற்றிக்கொண்டே இருந்தார்கள். கீமோ, அதாவது கேன்சருக்கு ஏற்றுகிற மருந்து பற்றி நீங்கள் கேட்கிற கேள்விக்கு அந்தப் பிள்ளைக்கே பதில் தெரியாது, தெரியாது என்று சொல்லவும் பயம். அதனால்தான் நிற்காமல் போய்விடுகிறார்கள். முகம் கடுகடுவென்று இருப்பதற்குப் பின்னால் பலமுறை இந்தப் பயம்தான் இருக்கும்.

ஒருத்தர் பிபி பார்க்கிறார், இன்னொருத்தர் ஊசி போடுகிறார், வேறொருத்தர் மாத்திரை தருகிறார். எங்கள் கஷ்டத்தை யாரிடம் சொல்வது?

எனக்கு வந்த கேள்விகளில் மிக முக்கியமானது இதுதான், ஏனென்றால் இதன் பதிலை நான் ஒரு நோயாளியிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன்.

திருத்துறைப்பூண்டி பக்கத்து அம்மா ஒருத்தர், ஐம்பது வயதிருக்கும், இரண்டாவது கீமோவுக்கு வந்து சேர்ந்திருந்தார். மறுநாள் காலையில் அவர் கட்டிலுக்கு மட்டும் ஐந்து பேர் போய் வந்துவிட்டோம். எல்லோரும் போகிற போக்கில் "நல்லா இருக்கீங்களாம்மா?" என்று கேட்டோம், அவர் எல்லோருக்கும் "ம்" என்றார். பத்து மணிக்கு டிரிப்ஸ் மாட்டியது நான்தான். கொஞ்ச நேரம் கழித்து, வார்டு பெருக்கும் அக்கா துடைப்பத்தோடு வந்து நின்றார். "சிஸ்டர், ஒன்பதாம் பெட்டு அம்மா ராத்திரி இட்லியையும் பக்கத்துக் கட்டிலுக்குக் குடுத்துட்டாங்க, காலையில பொங்கலையும் குடுத்துட்டாங்க. வாயைத் தொறந்து பாருங்க" என்றார். டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே உதட்டிலிருந்து தொண்டைவரை வெந்து சிவந்து, நடு நடுவே வெள்ளை வெள்ளையாகப் படை. "எத்தனை நாளாம்மா?" என்றேன். "ஒரு வாரமாச்சு ஆயி." "என்கிட்ட ஏம்மா சொல்லல?" என்றதற்கு அவர் சொன்னார்: "நீங்க கைக்கு வந்தீய. வாய்க்கு யாருன்னு எனக்குத் தெரியலயே."

அவர் சொன்னது அப்படியே உண்மை. நாங்கள் வேலையைப் பிரித்துக்கொண்டபோது நோயாளியையும் துண்டு துண்டாகப் பிரித்துக்கொண்டோம். கைக்கு ஒருத்தர், ரத்தத்துக்கு ஒருத்தர், மாத்திரைக்கு ஒருத்தர் என்று இருந்தோம், முழு ஆளுக்கு என்று யாரும் இல்லை. வேலை சீக்கிரம் முடிய இந்த ஏற்பாடு நல்லதுதான், நானும் அதை மறுக்கவில்லை. ஆனால் கீமோவில் வாய்ப்புண், காய்ச்சல், நான்கு நாளாக வெளிக்குப் போகாதது இதெல்லாம் நோயாளி வாயைத் திறந்து சொன்னால்தான் தெரியும். அன்றைக்கு டாக்டர் வந்து பார்த்து அவருக்குக் கீமோவைத் தள்ளி வைத்துவிட்டு, முதலில் வாய்க்கு மருந்து எழுதினார்.

லண்டனில் ஒரு பெரிய போதனா மருத்துவமனையை ஆராய்ந்து இசபெல் மென்சீஸ் என்ற உளப்பகுப்பாய்வாளர் 1960இல் எழுதினார்: வேலையை இப்படித் துண்டாக்குவதற்கு நேர மிச்சம் மட்டும் காரணம் இல்லை, வலியையும் சாவையும் பக்கத்தில் இருந்து பார்க்கிற மனக்கலக்கத்திலிருந்து நர்சுகளைக் காப்பாற்ற ஆஸ்பத்திரியே தனக்குத் தெரியாமல் செய்துகொண்ட ஏற்பாடு இது, ஆனால் அந்தக் கலக்கம் அதனால் தீர்வதும் இல்லை என்று. "10ஆம் கட்டில் கல்லீரல்" என்று அங்கே நர்சுகள் நோயாளியைக் குறிப்பிட்டதாக அவர் எழுதியிருக்கிறார். அதைப் படித்தபோது எனக்கு உடம்பு கூசியது. நாங்களும் "ஏழாம் பெட் பிரெஸ்ட்டுக்கு பிளட் அனுப்பியாச்சா?" என்றுதான் கத்திக்கொண்டிருந்தோம். அந்த ஏழாம் பெட் அம்மாவுக்குப் பேர் இருந்தது, அது அவர் காதில் விழவும் செய்தது.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அட்மிஷன் ஆன முதல் நாளே "சிஸ்டர், இந்த ஷிப்டில் எங்கள் கட்டிலை முழுசாகப் பார்ப்பது யார்?" என்று கேளுங்கள். அப்படி யாரும் இல்லாவிட்டாலும், அந்தக் கேள்வி வந்தவுடன் ஒருத்தர் "என்கிட்ட சொல்லுங்க" என்பார். ஊசி போட வந்தவரிடம் வாயைப் பற்றிச் சொல்லலாமா என்று யோசிக்காதீர்கள். யார் வந்தாலும் சொல்லுங்கள். "நல்லா இருக்கீங்களா?" என்றால் "ம்" சொல்லாமல், என்ன சாப்பிட்டீர்கள், எங்கே வலிக்கிறது என்று ஒரு வரி சொல்லுங்கள்.

எதைக் கேட்டாலும் "டாக்டரைக் கேளுங்க" என்கிறார்களே?

என்ன நோய், எந்தக் கட்டம், எத்தனை நாள் தாங்கும் என்பதை நர்ஸ் சொல்லக்கூடாது என்பதுதான் நம்மூர் ஆஸ்பத்திரிகளின் வழக்கம். மீறிச் சொல்லி, அது டாக்டர் சொன்னதற்கு மாறாகப் போய்விட்டால் வார்டே அமளியாகிவிடும். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், டாக்டர் உங்களிடம் என்ன சொன்னார் என்பது பல நேரம் சிஸ்டருக்குத் தெரியாது. ரவுண்ட்ஸ் நடக்கும்போது அவர் டிராலியைத் தள்ளிக்கொண்டு பின்வரிசையில் நிற்பார், இல்லாவிட்டால் வார்டின் அந்தக் கோடியில் டிரிப்ஸ் மாற்றிக்கொண்டிருப்பார். ஓ.பி. அறையில் பேசிய பேச்சு என்றால் அவருக்குத் தெரிய வழியே இல்லை. அதனால் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போடுங்கள். "டாக்டர் இப்படிச் சொன்னார், இந்த இடம் எனக்குப் புரியல, நீங்க விளக்குங்க" என்றால் சிஸ்டரால் பேச முடியும். முடி எப்போது கொட்டும், வாந்தி எத்தனை நாள் இருக்கும், கரண்டு (கதிர்வீச்சு) வைக்கிற இடத்தில் எண்ணெய் தடவலாமா, என்ன சாப்பிடலாம், அடுத்த கீமோவுக்கு எந்த ரத்தப் பரிசோதனையோடு வர வேண்டும், இதெல்லாம் சிஸ்டர் தாராளமாகச் சொல்லக்கூடியவை. இவற்றுக்கும் "டாக்டரைக் கேளுங்க" என்றால் ஹெட் நர்ஸிடம் போங்கள்.

அப்பாவுக்குக் கேன்சர் என்று சொல்லாதீங்க என்று சிஸ்டரிடம் சொல்லி வைத்திருக்கிறோம். சரிதானே?

இதற்கு ஆம், இல்லை என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம் வீடுகளில் அப்பாவுக்கு அதிர்ச்சி தரக்கூடாது என்று நினைப்பது அன்பினால்தான். "கட்டி", "புண்", "அந்த வியாதி" என்று சொல்லிச் சமாளிக்கிறோம். ஆனால் இதனால் ராத்திரி டூட்டியில் இருக்கிற நர்ஸுக்கும் உங்கள் அப்பாவுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்கிறேன்.

ஒரு பெரியவர், விவசாயி. மகன்கள் இரண்டு பேரும் வராந்தாவில் என்னை நிறுத்தி, வயிற்றுப் புண் என்றுதான் சொல்லியிருக்கிறோம் என்றார்கள். சம்பா நடவுக்கு முந்தின சமயம் அது. விடியற்காலை மூன்று மணிக்கு டிரிப்ஸ் பார்க்கப் போனேன், கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்திருந்தார். "நாத்து விட்டு இருவது நாளாச்சு ஆயி. நடவுக்கு நான் இருப்பனா?" என்றார். கேட்டதும் எனக்குக் கை நடுங்கியது. "அதெல்லாம் ஒண்ணுமில்ல தாத்தா, தூங்குங்க, காலையில டாக்டர் வருவாங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்கப்புறம் அவர் என்னிடம் எதுவுமே கேட்கவில்லை, தண்ணீர்கூடக் கேட்கவில்லை.

அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தெரியாத மாதிரி அவர் இருந்தார், தெரியாது என்று நம்புகிற மாதிரி நாங்கள் இருந்தோம். அமெரிக்காவில் கிளேசர், ஸ்ட்ராஸ் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் 1965இலேயே, சாகும் நோயாளிகள் இருந்த வார்டுகளைப் பார்த்து, இப்படி இரண்டு தரப்பும் சேர்ந்து நடிக்கிற நிலையை ஒரு தனி வகையாக எழுதி வைத்தார்கள். எங்கள் வார்டில் அது தினசரி நடந்தது.

இன்றைக்கு என்றால் நான் "நடவப் பத்தி என்னா யோசன ஓடுது தாத்தா?" என்று கேட்டுவிட்டு அங்கேயே இரண்டு நிமிஷம் நிற்பேன். இதில் நோயின் பேரை யாரும் சொல்லவில்லை, மகன்களுக்குக் கொடுத்த வாக்கும் கெடவில்லை. அவருக்கு யாரிடம் நிலத்தை ஒப்படைப்பது, கூட்டுறவு சங்கக் கடன் என்ன ஆவது என்று பேச வேண்டியிருந்திருக்கும். இதை எனக்கு யாரும் கற்றுக் கொடுக்கவில்லை. பயிற்சியில் ஊசி போடக் கற்றுக் கொடுத்தார்கள், இதற்கு ஒரு மணி நேரம்கூட ஒதுக்கவில்லை. அதோடு, நோயாளிக்கு எவ்வளவு தெரியும், யார் சொன்னது, எந்தத் தேதியில் சொன்னது என்று எழுத எங்கள் கேஸ் ஷீட்டில் ஒரு வரி இடம் கிடையாது. பிபிக்குக் கட்டம் உண்டு, சிறுநீர் அளவுக்குக் கட்டம் உண்டு. இந்த ஒரு வரி இருந்தால் ராத்திரி டூட்டிப் பிள்ளை இருட்டில் தடுமாற வேண்டாம்.

உங்கள் வீட்டில் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு, முதலில் உங்கள் அப்பாவின் முடிவு. "உங்களுக்கு எல்லாம் தெரிஞ்சுக்கணுமா, நாங்க பார்த்துக்கலாமா?" என்று அவரிடமே கேட்டுவிடலாம். பலர் "நீங்க பாத்துக்கங்க" என்பார்கள், சிலர் உட்கார்ந்து கேட்பார்கள். எதுவானாலும் அதை ஹெட் நர்ஸிடம் சொல்லிவிடுங்கள். ஒரு நர்ஸிடம் மட்டும் வராந்தாவில் ரகசியமாகச் சொன்னால் அடுத்த ஷிப்டுக்கு அது போய்ச் சேராது.

ஒரே ஆஸ்பத்திரியில் ஒரு வார்டில் நன்றாகப் பேசுகிறார்கள், அடுத்த வார்டில் எரிந்து விழுகிறார்கள். ஏன்?

வார்டை நடத்துகிற ஹெட் நர்ஸ் எப்படியோ அப்படித்தான் வார்டு. இது என் அனுபவம் மட்டும் இல்லை. பிரிட்டனில் சூசி வில்கின்சன் என்பவர், கேன்சர் நோயாளிகளிடம் 54 நர்சுகள் எப்படிப் பேசுகிறார்கள் என்று ஆராய்ந்து 1991இல் வெளியிட்டார். நோயாளி மனத்தில் இருப்பதைச் சொல்ல வரும்போது பேச்சை மாற்றிவிடுவது அங்கேயும் சர்வ சாதாரணம். யார் பேசவிட்டார்கள், யார் அடைத்தார்கள் என்பதில் அந்த வார்டு மூத்த சிஸ்டரின் பங்கு பெரிது என்று அவர் கண்டார்.

எங்கள் வார்டுக்கு ஒரு ஹெட் நர்ஸ் மாறுதலாகி வந்தார். வந்த இரண்டாம் நாள் இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூல் கொண்டுவந்து, கீமோ போடுகிற வரிசையில் கட்டில்களுக்கு நடுவே போட்டார். கீமோ முதல்முறை போடுகிறவரிடம் ஊசி ஏற்றுவதற்கு முன் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து பேச வேண்டும், நின்றுகொண்டு பேசக்கூடாது என்றார். அதுவரை எங்கள் வார்டில் ஒரு நர்ஸ் உட்கார்ந்தால் வேலை இல்லாமல் இருக்கிறாள் என்றுதான் அர்த்தம். அவர் எல்லோரையும் வைத்துக்கொண்டு, "உட்கார்ந்து பேசுற பிள்ளையை வேலை வெட்டி இல்லைன்னு யாராவது சொன்னா என்கிட்ட அனுப்புங்க" என்றார். அது போதுமானதாக இருந்தது. ஒரு மாதத்துக்குள் நோயாளிகள் தாங்களாகவே பேச ஆரம்பித்தார்கள். ஒரு அம்மா, புரட்டாசி நடவுக்கு ஆள் இல்லாமல் போன கீமோவுக்கு வராமல் விட்டதை அப்போதுதான் சொன்னார். அதற்கு முன்னால் நாங்கள் "ஏன் லேட்டு?" என்று திட்டுவோம், அவர் தலையைக் குனிந்துகொள்வார். 21 நாளைக்கு ஒருமுறை என்று நாங்கள் அட்டையில் எழுதிக் கொடுத்தோமே தவிர, அந்த 21ஆம் நாள் நடவிலோ தை அறுப்பிலோ போய் விழுகிறதா என்று பார்த்ததே இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்த பிறகு பார்த்தோம். முன்கூட்டியே சொன்னவர்களுக்கு, டாக்டரைக் கேட்டு முடிந்த அளவு ஏற்பாடு செய்து கொடுத்தோம்.

ஒன்றரை வருஷத்தில் அவருக்கு மாறுதல் வந்தது. சில மாதத்தில் அந்த ஸ்டூல்கள் ஸ்டோர் ரூமுக்குப் போய்விட்டன. நல்ல பழக்கம் ஒரு ஆளை நம்பி இருக்கும்போது இப்படித்தான் ஆகும், அதை வார்டு விதியாக எழுதி வைக்க வேண்டும் என்பதை இப்போதும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஷிப்ட் மாறினால் மறுபடியும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியிருக்கிறதே?

ஓவர் கொடுப்பது என்று நாங்கள் சொல்வோம், போகிறவர் வருகிறவருக்கு நோயாளி விவரம் ஒப்படைப்பது. மேஜையில் நோட்டைப் பார்த்து நடந்தால் "ஒன்பது, ரெண்டாவது கீமோ, டிரிப்ஸ் ஓடுது" என்பதோடு முடிந்துவிடும். கட்டில் கட்டிலாக நடந்து போய்க் கொடுத்தால் நோயாளியே விட்டுப் போனதை எடுத்துச் சொல்வார். இரண்டாவது முறைக்குப் பத்துப் பதினைந்து நிமிஷம் கூட ஆகும், வீட்டுக்கு பஸ் பிடிக்க நிற்கிறவருக்கு அது பாரம்தான், ஆனாலும் எனக்கு அதுதான் சரி.

உங்கள் பக்கம் ஒரு நாற்பது பக்க நோட்டு போடுங்கள். பெரியம்மாவுக்கு நான் அப்படித்தான் வைத்திருந்தேன். தேதி, எந்த மருந்து, அன்றைக்குச் சாப்பிட்டது, காய்ச்சல், வலி எங்கே, வெளிக்குப் போனது, கேட்க வேண்டிய கேள்வி என்று எழுதி, தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிடுவேன். புதிதாக வந்த சிஸ்டர் கையில் அதைக் கொடுத்தால் ஒரு நிமிஷத்தில் படித்துவிடுவார்.

காப்பீட்டு அட்டை வேலைக்கும் சிஸ்டரையே பிடிக்க வேண்டியிருக்கிறதே?

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை இருப்பதால்தான் நம் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றால் வைத்தியத்தைத் தொடர முடிகிறது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அப்ரூவலுக்கான ரிப்போர்ட், போட்டோ, கையெழுத்து என்று ஓடுவதும் பல வார்டுகளில் நர்ஸ் தலையில்தான் விழுகிறது. திட்டத்துக்கென்று ஆஸ்பத்திரியில் தனி ஆள் இருப்பார். காகித விஷயத்துக்கு அவரிடம் போங்கள், சிஸ்டருடைய நேரத்தை உடம்பு விஷயத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சிஸ்டர் எவ்வளவு வேலையாக இருந்தாலும் உடனே கூப்பிட வேண்டியது எப்போது?

கீமோ ஏறும்போது ஊசி போட்ட இடத்தில் எரிச்சல், வலி, வீக்கம் வந்தால் அந்த நொடியே. "டிரிப்ஸ்னா கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும்" என்று பொறுத்துக்கொள்ளாதீர்கள். சிவப்பு நிறத்தில் இருக்கிற கீமோ மருந்து மாதிரி சிலது நரம்புக்கு வெளியே கசிந்தால் சதையையே புண்ணாக்கிவிடும். மூச்சு அடைப்பு, நெஞ்சு இறுக்கம், உடம்பெல்லாம் அரிப்பு, குளிர் நடுக்கம் என்றாலும் அப்படியே. கூச்சப்படாமல் சத்தம் போட்டே கூப்பிடுங்கள். திட்டினால் நான் சொன்னேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பு மருந்துக்கு அப்புறம் ஒன்றிரண்டு நாள் சிறுநீர் சிவப்பாகப் போவது மட்டும் மருந்தின் நிறம்தான், அதற்குப் பயப்பட வேண்டாம்.

வலி என்று சொன்னால் "பொறுத்துக்கங்க" என்கிறார்கள். வலிக்கு மருந்தே இல்லையா?

இருக்கிறது. கடுமையான கேன்சர் வலிக்கு மார்ஃபின் மாத்திரை உண்டு. 2014இல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தி, ஆஸ்பத்திரிகள் இதைப் பல அலுவலக அனுமதிக்கு அலையாமல் வாங்கி வைக்க வழி செய்தார்கள். ஆனாலும் அது பூட்டிய அலமாரியில், பதிவேட்டோடு, ஒருத்தர் கையில் சாவியோடு இருக்கும். நான் பார்த்த ஒரு வார்டில் ராத்திரி அந்தச் சாவி இருக்கும் இடம் வேறு மாடி. அப்படி இருக்கும்போது ராத்திரி நர்ஸ் "வலி எப்படி இருக்கு?" என்று கேட்கவே மாட்டார். கொடுக்க முடியாத ஒன்றை எந்த வாயால் கேட்பது? சாவி எங்கே இருக்கிறது என்பது, நர்ஸ் வலியைப் பற்றிப் பேசுவாரா மாட்டாரா என்பதை முடிவு செய்கிறது. இதை வெளியில் இருப்பவர்கள் யோசிக்கவே மாட்டார்கள்.

எனவே வலியைப் பகலிலேயே, டாக்டர் ரவுண்ட்ஸில் சொல்லி, ராத்திரிக்கும் சேர்த்து எழுதி வாங்குங்கள். "ரொம்ப வலிக்குது" என்பதைவிட "பத்துக்கு எட்டு, படுத்தால் கூடுது, தூங்க முடியல" என்று சொன்னால் வேலை நடக்கும். டாக்டர் சொன்ன அளவில் வலிக்காக மார்ஃபின் சாப்பிடுகிறவர் அதற்கு அடிமையாகிவிடுவார் என்ற பயம் வேண்டாம். மலச்சிக்கல் மட்டும் பெரும்பாலும் வரும், அதற்கான மருந்தையும் சேர்த்தே கேளுங்கள்.

அம்மாவுக்குக் கர்ப்பப்பையில் நோய். ஹாலில் எல்லோர் முன்னாலும் கேள்வி கேட்டால் எப்படிப் பதில் சொல்வார்?

சொல்ல மாட்டார். ரத்தப்போக்கு, வெள்ளைப்படுதல், நாற்றம், கணவரோடு இருப்பது இதையெல்லாம் பக்கத்துக் கட்டில் மாமியாரும் மருமகளும் கேட்டுக்கொண்டிருக்க யார் சொல்வார்கள்? பெரிய ஹாலில் ஒரு நகரும் திரை இருந்தாலே பாதிப் பேச்சு வெளியே வரும். எங்கள் வார்டில் திரை இருந்தது, சக்கரம் உடைந்து சுவரோரம் கிடந்தது. "சிஸ்டர், டிரெஸ்ஸிங் ரூம்ல வெச்சு ஒரு நிமிஷம் பேசலாமா?" என்று கேளுங்கள். மறுப்பவரை நான் பார்த்ததில்லை. மகன் கூட இருந்தால் மகன் கொஞ்சம் வெளியே போய் டீ குடித்துவிட்டு வரட்டும்.

மரியாதைக் குறைவாகப் பேசினால் யாரிடம் புகார் செய்வது?

முதலில் ஹெட் நர்ஸ், அப்புறம் நர்சிங் சூப்பரிண்டெண்ட், அதற்கு மேல் ஆர்.எம்.ஓ. (நிலைய மருத்துவ அலுவலர்). தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் தயாரித்த நோயாளி உரிமைகள் சாசனத்தில் தகவல் பெறும் உரிமை முதல் வரிசையில் இருக்கிறது. கேஸ் ஷீட் நகல் எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002ஆம் வருஷ மருத்துவக் கவுன்சில் விதி. புகார் எழுதும்போது "அந்த சிஸ்டர் மோசம்" என்று மட்டும் எழுதாமல், "ராத்திரி 40 பேருக்கு ஒருத்தர்தான் இருந்தார், வலி மருந்துக்கு இரண்டு மணி நேரம் ஆனது" என்று நடந்ததை எழுதுங்கள். ஒரு ஆளை மாற்றுவதோடு அது முடிந்துவிடாமல் இருக்கும்.

ஒரே நாளில் கீமோ போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். பேசுவதற்கு நேரமே இல்லையே?

இனி இதுதான் வழி. மூன்று வருஷத்தில் எல்லா மாவட்ட ஆஸ்பத்திரியிலும் பகல்நேரக் கேன்சர் மையம் என்று 2025 மத்திய பட்ஜெட்டில் சொன்னார்கள். வேதாரண்யத்திலிருந்து தஞ்சாவூருக்கு மணிக்கணக்காக பஸ்ஸில் வாந்தி எடுத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு இது பெரிய நல்லது. ஆனால் பேச்சு சுருங்கிவிடும், ராத்திரி மூன்று மணிக்குக் கேட்கிற கேள்விக்கு அங்கே ஆள் இல்லை. சாயங்காலம் டிஸ்சார்ஜ் சீட்டைக் கையில் கொடுத்து சிஸ்டர் மடமடவென்று சொல்வார், உங்கள் மனம் பஸ்ஸில் இருக்கும். அதனால் காலையில், டிரிப்ஸ் ஓட ஆரம்பித்த அரை மணி நேரத்தில் "வீட்டுக்குப் போனப்புறம் என்ன பார்க்கணும், யாருக்குப் போன் பண்ணணும்?" என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். நடமாட முடியாதவர் என்றால், 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து வலி நிவாரணம் பார்க்கிற நர்ஸ் உண்டு. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேரைப் பதிந்துகொள்ளுங்கள்.

வீட்டில் காய்ச்சல் வந்தால், ராத்திரியில் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போனால் அந்த சிஸ்டருக்கு எங்களைத் தெரியாதே?

தெரியாதுதான். கீமோ போட்ட ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை, கிருமியை எதிர்க்கிற வெள்ளை அணுக்கள் பொதுவாக ரொம்பக் குறைந்திருக்கும். அப்போது 100.4 டிகிரி காய்ச்சல் என்றால் மாத்திரை போட்டுப் படுத்துவிடக்கூடாது, விடியட்டும் என்று இருக்கவும் கூடாது. 108ஐக் கூப்பிட்டாவது போக வேண்டும். அங்கே டூட்டி நர்ஸ் பத்துப் பேருக்கு நடுவில் நிற்பார், "காய்ச்சல்" என்று சொன்னால் "அப்படி ஓரமா உட்காருங்க" என்பார், ஏனென்றால் அன்றைக்கு வந்த எல்லோருக்கும் காய்ச்சல்தான். நீங்கள் வாயைத் திறந்ததும் முதல் வரியாக இதைச் சொல்லுங்கள்: "கேன்சருக்குக் கீமோ போட்டு பத்து நாள் ஆகுது சிஸ்டர், இப்ப காய்ச்சல் 101." சொல்லிக்கொண்டே டிஸ்சார்ஜ் சீட்டையும் அந்த நோட்டையும் அவர் கையில் கொடுங்கள்.